கல் உப்பும் மூக்குத்தியும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இந்த மாதிரி விஷயங்களை நம்புகிற ஆள் இல்லை. பூனை குறுக்கே போனால் அதற்கு ஏதோ வேலை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு என் வேலைக்குப் போகிறவள். எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டி பஸ் போர்டு படிப்பேன், அவ்வளவுதான். அதனால் இதை நான் சொல்லச் சொல்ல என் மருமகள் சுகந்தி எழுதுகிறாள். கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். நம்பாதவர்களோடு எனக்குச் சண்டை கிடையாது, வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

என் வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் நகைப் பட்டறை வைத்திருந்தார். அவர் செய்தார், நான் கூட்டினேன். சும்மா கூட்டுவது இல்லை, பட்டறைத் தரையைத் தினமும் பெருக்கி அந்த மண்ணைத் தண்ணீரில் அலசினால் அதில் பொடித் தங்கம் நிற்கும், அது தெரிந்தவளுக்குத்தான் நிற்கும். கல்லில் ஒரு துண்டைப் போட்டால் விழுகிற சத்தத்திலேயே தங்கமா செம்பா என்று சொல்லிவிடுவேன். இந்த வயதிலும் என் காது அப்படியே இருக்கிறது, கண்தான் கொஞ்சம் ஏமாற்றுகிறது.

அவர் போன பிறகு மகன் பாலுவோடு இங்கே அபுதாபிக்கு வந்துவிட்டேன். முசஃபாவில் வீடு. பாலுவுக்குக் கடலுக்குள் எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலை, வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கிற இன்ஸ்பெக்டர். இருபத்தெட்டு நாள் கடலில், இருபத்தெட்டு நாள் வீட்டில். ஹெலிகாப்டரில் கூட்டிப்போய் ஹெலிகாப்டரில் கொண்டுவந்து விடுவார்கள்.

போன மார்கழியில் பாலு லீவில் இருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை மேற்கே சவுதிப் பக்கம் போகிற ரோட்டில் காரில் போனோம். அங்கே சப்கா என்று ஒரு உப்புத் தரை. தண்ணீர் வற்றி, உப்பு அப்பளம் மாதிரி பொரிந்து, கண்ணுக்கு எட்டின தூரம் வெள்ளை. சுகந்தி அதில் நடந்து நடந்து போட்டோ எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் கழுத்துச் சங்கிலி கொக்கி விட்டுத் துப்பட்டாவில் தொங்குகிறது, தாலியைக் காணோம். போனில் படங்களைப் பார்த்தோம். முதல் படத்தில் தாலி இருக்கிறது, கடைசிப் படத்தில் இல்லை. ஆக, அந்த உப்பில்தான்.

மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கட்டிப் போட்டுக்கொண்டாள். வேறு தாலி செய்துகொள்ளலாம் என்று பாலு சொன்னான். அவள் கேட்கவே இல்லை.

“அது கழுத்துல ஏறாம நான் உங்களைக் கடலுக்கு அனுப்ப மாட்டேனுங்க. வேலை போனாப் போகட்டும்.”

“அடுத்த திங்கக்கிழமை ஹெலிகாப்டருக்கு நான் நிக்கலைன்னா வேற ஆளைப் போட்டுருவாங்க சுகந்தி. ஏற்கெனவே ஒரு தடவை லீவை நீட்டியாச்சு.”

“போடட்டும். ஆள் எனக்கு வேணுமுங்க.”

மூன்று நாளும் சேர்த்து அவள் சாப்பிட்டது ஒரு ஆள் சாப்பாடு இல்லை. நான் வழக்கமாக இதற்கெல்லாம் திட்டுகிறவள், அந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மெஷின் வைத்துத் தேடலாம் என்று சொன்னது நான்தான். டிவியில் பார்த்திருக்கிறேன், தரைக்கு மேலே தட்டு மாதிரி ஒன்றை வீசிக்கொண்டே போவார்கள். பாலு முதலில் ஆபீஸில் விசாரித்து, அந்த உப்புத் தரைக்குப் பக்கத்தில் ஒட்டகப் பண்ணை வைத்திருக்கிற அரபியிடம் போய்க் கேட்டான். அவர், உன் பொருளை மட்டும் தேடு, வேறு எதையும் கிளறாதே, கலாஸ், அவ்வளவுதான், என்று சொல்லிவிட்டார்.

மெஷின் கடை ஷார்ஜாவில். வாடகைக்கும் கொடுக்கிறார்கள். கடையில் இருந்தவர் கீழக்கரைக்காரர், பாய் என்றே கூப்பிட்டோம். சூடானுக்கும் சவுதிக்கும் தங்கம் தேடப் போகிறவர்கள் அவரிடம்தான் வாங்குவார்களாம். எடுத்த எடுப்பில் இருக்கிறதிலேயே பெரிய மெஷினைக் கையில் கொடுத்தார்.

“இது ஆழத்துல கிடந்தாலும் சொல்லுங்கம்மா. ஒரு ஆள் உசரத்துக்குக் கீழயும் போகும்.”

“எனக்கு அத்தனை ஆழத்துல என்ன சோலிங்க? என் பொருள் மேலாப்புல கிடக்குது.”

“எங்க தொலைச்சீங்க?”

பாலு இடத்தைச் சொன்னான். அவர் முகம் மாறியது.

“சப்காவா? அது வில்லங்கமான இடம். ஈர உப்பு இருக்கே, அது மெஷின்கிட்ட தங்கம் மாதிரியே பேசும். உப்பை அடக்கணும்னு ரொம்ப அடக்குனா சின்னத் தங்கமும் கூடவே அடங்கிரும்.”

இதைக் கேட்டதும் என் பையில் இருந்த பொட்டலத்தை எடுத்தேன். ஒரு கிலோ கல் உப்பு. சமையலறையில் இருந்து கொண்டுபோயிருந்தேன். மண் மாறினால் சல்லடை மாற வேண்டும், இது பட்டறையில் படித்த பாடம். ஒரு பிளாஸ்டிக் தட்டம் கேட்டேன், தண்ணீர் கேட்டேன்.

“அம்மா, மானத்தை வாங்காதே” என்று பாலு முணுமுணுத்தான்.

பாய் சிரித்தார். “இத்தனை வருசமா விக்கிறேன், உப்போட வந்த கஸ்டமர் நீங்கதாம்மா.”

கடைக்குள் இரும்பு அலமாரியும் லைட்டும் இருப்பதால் மெஷின் வெறும் காற்றுக்கே கத்துகிறது. வெளியே கார் நிறுத்துகிற இடத்துக்கு ஓரமாகத் தட்டத்தை வைத்து, உப்பை நனைத்து, என் மூக்குத்தியைக் கழற்றி அதற்குள் புதைத்தேன். விலை குறைந்த மெஷின் தட்டத்தைக் கண்டதுமே ஊளையிட்டது, உப்புக்கும் தங்கத்துக்கும் அதற்கு வித்தியாசமே இல்லை. பெரிய மெஷினை உப்புக்கு ஏற்றபடி திருகி வைத்துக் காட்டினார், உப்புக்கும் பேசவில்லை, மூக்குத்திக்கும் பேசவில்லை. மூன்றாவது நடுத்தரமானது. ஒரே நேரத்தில் பல அலை அனுப்புகிற மெஷினாம். அதற்குச் சின்னத் தட்டு மாட்டச் சொன்னேன், பெரிய தட்டு பெரிய உப்பைப் பார்க்கும், சின்னத் தட்டு கொஞ்ச உப்பைத்தானே பார்க்கும். பாய் பாலுவைப் பார்த்து, இதை நான் சொல்ல இருந்தேன், என்றார். மெஷினின் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். உப்பு, சோறு கொதிக்கிற மாதிரி சளசளவென்று இருந்தது. அதற்கு நடுவில், சின்னதாக, அடித்தொண்டையில் ஒரு ‘ங்’. தட்டை எத்தனை தரம் வீசினாலும் அதே இடத்தில் அதே ‘ங்’.

அதைத்தான் எடுத்தோம். கிளம்பும்போது பாய் ஒன்று சொன்னார். “ஒரு பொருள் கிடைச்சுதுன்னு உடனே எந்திரிச்சு வந்துராதீங்கம்மா. குழியில இன்னொரு தரம் ஓட்டிப் பாருங்க. பெருசு கத்துறப்ப சின்னது கத்துறது கேக்காது.”

சனிக்கிழமை முழுக்கப் பாலு தேடினான். கயிறு கட்டிப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, போட்டோவில் இருந்த நடையை வைத்துத் தேடினான். இரண்டு ஆணி, ஒரு டின் மூடி. மறுநாள் விடிகாலையில் மறுபடி போனோம். அன்றைக்கு விட்டால் திங்கள்.

“எங்கிட்டக் கொடு” என்றேன்.

“உன்னால நடக்க முடியாதும்மா.”

“நான் நடக்கப் போறதில்லை சாமி, கூட்டப் போறேன்.”

உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது. வளையல், சேலைப் பின், மூக்குத்தி எல்லாவற்றையும் கைக்குட்டையில் முடிந்து காரில் இருந்த சுகந்தியிடம் கொடுத்தேன். தோண்டுவதற்குப் பிளாஸ்டிக் கரண்டி. இதை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள், என் மேல் குண்டூசி கூடக் கிடையாது.

வெளிச்சம் வந்து கொஞ்ச நேரத்தில் பனி இறங்கியது. இங்கே குளிர்காலத்தில் அப்படித்தான், பத்தடிக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியாது. பாலு கார் பக்கத்தில் நின்று இடைவிட்டு இடைவிட்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான், நான் திசை தப்பாமல் இருக்க. நான் பட்டறை பெருக்குகிற மாதிரி, தட்டைத் தரையோடு தரையாக, போன வீச்சில் பாதி வரும்படி வீசிக்கொண்டு போனேன். காதில் உப்பு சளசளவென்று கொதித்தது.

அப்புறம் அது நின்றது. பேட்டரி போய்விட்டதா என்று பார்த்தேன், விளக்கு எரிகிறது. தட்டை உப்பில் வைத்தேன், சத்தமே இல்லை. ஹாரனும் கேட்கவில்லை. அந்த அமைதிக்குள்ளே ஒரு சத்தம் வந்தது பாருங்கள், நம்பினால் நம்புங்கள், சுத்தியல் சத்தம். நகை மேல் இரண்டு தட்டு, பட்டறைக் கல் மேல் சும்மா ஒரு தட்டு. டக் டக், டிங். கைக்கு ஓய்வு கொடுக்க ஆசாரிமார் எல்லாரும் அப்படித்தான் தட்டுவார்கள், ஆனால் ஒவ்வொருவர் கைக்கும் ஒரு தாளம் உண்டு. என் வீட்டுக்காரருக்கு அந்த மூன்றாவது தட்டு கொஞ்சம் பிந்தி விழும். முப்பத்தாறு வருஷம் கேட்ட காது, வேறு யாருடையது என்று நான் சொல்லட்டும்?

பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது, இத்தனை நாள் எங்கே போயிருந்தீர் என்று. சத்தம் கூடுகிற பக்கமாக நடந்தேன். பாலு கயிறு கட்டின இடத்தைத் தாண்டிவிட்டேன் என்பது தெரிகிறது. அங்கே உப்பில் எங்கள் கால்தடம் ஒன்று கூட இல்லை. தோசைக்கல் மாதிரி சமமாக, கீறல் இல்லாமல் கிடந்தது. சுத்தியல் நின்றது, உப்பின் கொதி திரும்ப வந்தது, மெஷின் தட்டு நல்ல கனமாக ஒரு தரம் கத்தியது.

உட்கார்ந்து கரண்டியால் அந்த உப்பு ஓட்டை உடைத்தேன். விரல் தடிமன் இருந்தது. ஒன்பது நாளில் அப்படி உறையாது, அங்கே ஒட்டகம் மேய்க்கிறவனைக் கேட்டாலும் சொல்வான். அடியில் சாம்பல் நிறச் சேறு, அதற்குள் தாலி. சேலையில் துடைத்துப் பார்த்தேன். தாலியின் வளையத்தில் துண்டுக் கயிறு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. தொட்டதும் என் கட்டை விரலில் மஞ்சள் ஏறியது.

குழியை மூடிவிட்டுக் காருக்கு வந்தேன். ஹாரனை நிறுத்தவே இல்லையே என்று பாலு சொன்னான்.

சுகந்தி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இது என்னுது இல்லீங்க அத்தை.”

“தெரியும் அம்மிணி. என்னுது.”

அன்றைக்கு அவளை நான் ஏன் திட்டவில்லை என்று இப்போது சொல்கிறேன். கல்யாணத்தில் அவளுக்குக் கட்டின தாலி புதுத் தங்கம் என்றுதான் சம்பந்தி வீட்டாருக்குச் சொன்னேன். இல்லை. அவர் போனபோது என் கழுத்திலிருந்து எடுத்த தாலியை உருக்கிச் செய்தது அது. கயிற்றை அறுத்துப் பாலில் போட்டார்கள், தாலியை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அறுத்த தாலியில் இன்னொருத்திக்குத் தாலி செய்யக் கூடாது என்பார்கள். அவர் கையால் செய்த பொன் பெட்டியில் கிடந்து என்ன செய்யப் போகிறது, தங்கத்துக்கு ஏது தோஷம் என்று நினைத்தேன். எடை போதவில்லை, அதனால் இடது மூக்கில் இருந்த மூக்குத்தியையும் சேர்த்துப் போட்டேன். இரண்டு மூக்குத்தியையும் கழற்று என்று ஊர் சொன்னது, நான் ஒன்றைத்தான் கழற்றியிருந்தேன். தங்கம் உருக்குகிற மூசையில் இரண்டும் உருகி ஒன்றானதை இந்தக் கண்ணால் பார்த்தேன். புதுத் தாலி வேறு வடிவம். உப்பில் கிடைத்தது பழைய வடிவம், பின்னால் இரண்டு புள்ளியும் ஒரு கோடும், அவர் போடுகிற அடையாளம்.

எல்லாவற்றையும் காரில் உட்கார்ந்து சொன்னேன். பாலு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்ப பழசை உருக்கிப் புதுசுன்னு என் தலையில கட்டினீங்க” என்றாள் சுகந்தி.

“கழுத்துல கட்டினேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையும் வந்துவிட்டது. துப்பட்டாவில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “உங்க கழுத்துல எத்தனை வருசமுங்க இருந்துச்சு?”

“முப்பத்தாறு.”

தாலியை அவனிடம் நீட்டினாள். “கட்டுங்க.”

மஞ்சள் கயிற்றில் கோத்து அங்கேயே கட்டினான். திங்கட்கிழமை ஹெலிகாப்டர் ஏறினான், இருபத்தெட்டாம் நாள் வந்து இறங்கினான், அதற்குப் பிறகும் போய்ப் போய் வந்துகொண்டுதான் இருக்கிறான். யாரோ தொலைத்த வேறு தாலியாக இருக்கும் அம்மா என்று சொல்வான். ஊருக்குப் போனபோது அதை எடை போட்டோம். கைவேலை, பழைய வேலை என்று கடைக்காரர் சொன்னார். தொலைந்த தாலியின் எடையைவிடக் குறைவு. எவ்வளவு குறைவு என்று கேட்டேன். ஒரு மூக்குத்தி அளவு.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பாய் சொன்னபடி, தாலியை எடுத்த பிறகு குழியில் இன்னொரு தரம் தட்டை வீசினேன். ‘ங்’ என்றது. ஷார்ஜாவில் தட்டத்து உப்புக்குள்ளிருந்து கேட்டேனே, அதே அடித்தொண்டைச் சத்தம். அந்த மூக்குத்தியின் ஜோடிதான் உள்ளே இருந்தது, எனக்குத் தெரியும். என் பொருள்தான், எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. உடைத்த உப்பை அள்ளிப் போட்டுக் காலால் அழுத்தினேன். மூடின பிறகு கடைசியாக ஒரு வீச்சு வீசினேன். மேலே அத்தனை உப்பைப் போட்டால் சத்தம் குறைய வேண்டும். குறையவில்லை. முன்னைவிடக் கிட்டத்தில் கேட்டது.

இதைச் சொன்னதும் எழுதிக்கொண்டிருந்த சுகந்தியின் கை நின்றுவிட்டது. தாலியைப் பிடித்துக்கொண்டு மூக்குத்தி கழற்றின என் இடது மூக்கையே பார்க்கிறாள். எழுது அம்மிணி, என்றேன்.