அத்தையின் டெண்டர் ஓட்டு

எங்கள் வீட்டுக்குள் அரசியல் இங்கிலீஷ் அத்தையோடுதான் வந்து சேர்ந்தது. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கட்டிக்கொடுத்த இடம் சரியில்லை என்று சேத்தூரிலிருந்து திரும்பி வந்து, இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்துக்கொண்டு எங்களோடு இருந்தாள். ஏபிசிடியில் ஓர் எழுத்து தெரியாது. ஆனால் மில் வாசலில் நடக்கும் கேட் மீட்டிங்குகளில் நின்று நின்று மெமோ, டிமாண்ட், பிக்கெட்டிங், டெபுடேஷன் என்று ஒரு மூட்டை வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள். வீட்டிலும் அதைத் தாராளமாக இறைப்பாள். குழம்பில் உப்பு கூடினால் அம்மாவுக்கு மெமோ. நானும் தம்பியும் புதுச்சட்டை கேட்டு அப்பா முன்னால் போய் நின்றால் அது டெபுடேஷன். ஒருநாள் கத்தரிக்காயை எதிர்த்து நான் டோக்கன் ஸ்ட்ரைக் நடத்தினேன். அத்தை மட்டும்தான் அதை முறைப்படி அங்கீகரித்தாள். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள்.

அப்பாவுக்கு இதெல்லாம் எரிச்சல். எனக்கோ பெருமை தாங்காது.

எண்பதுகளின் கடைசியில் ஒரு தேர்தல் வந்தது. அதற்கு முந்தின தேர்தலில் அத்தைக்கு ஓட்டே இல்லை. சேத்தூரில் பெயரை அடித்துவிட்டார்கள், எங்கள் தெருவில் சேர்க்கவில்லை. "நா என்ன செத்தா போயிட்டேன்?" என்று தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து, இந்தத் தடவை பெயரைச் சேர்த்துவிட்டாள். பூத் சிலிப்பு வந்த அன்று அதைத் திருப்பித் திருப்பி வாசித்தாள்.

ஓட்டுப்போடும் நாளன்று அவளுக்குக் காலை ஷிப்டு. மத்தியானம் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க வந்தவள், சோறுகூடத் தின்னாமல் என்னையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். பட்டியல் வைத்திருந்தவர் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இந்த ஓட்டு விழுந்துருச்சேம்மா" என்றார்.

அத்தை இடது கையை அவர் முன்னால் நீட்டினாள். "அப்ப எங்கையில மையி எங்க சார்?"

உட்கார்ந்திருந்த இரண்டு கட்சி ஏஜெண்டுகளும் எங்கள் தெருக்காரர்கள். தினமும் அத்தையைப் பார்க்கிறவர்கள். ஒருவர் கூரையைப் பார்த்தார், இன்னொருவர் காகிதத்துக்குள் எதையோ தேடினார். ஆண்கள் வரிசையில் நின்ற அப்பா, "ஒத்த ஓட்டுதான, விட்டுட்டு வாட்டி" என்றார். அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. அடப்பாவமே, இத்தனை பேர் முன்னால் அழுதுவிடுவாளோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பெரிய அதிகாரியின் மேஜைக்கு நேராகப் போனாள். அவர் வெளியூர் வாத்தியார்.

"சார், எனக்கு டெண்டர் ஓட்டு குடுங்க."

"என்னம்மா கேட்டீங்க?"

"டெண்டர் ஓட்டு சார். எம்பேருல வேற ஆளு போட்டுட்டா எனக்கு அது உண்டு. ஒங்க புஸ்தகத்துல இருக்கும், செத்த பாருங்க."

அவர் புஸ்தகத்தைப் புரட்டோ புரட்டென்று புரட்டினார். கடைசியில் கண்டுபிடித்துவிட்டு, அத்தையிடம் அவளுடைய அப்பா பெயர், கதவு எண் எல்லாம் கேட்டார். ஏஜெண்டுகளிடமும் கேட்டார். இப்போது வேறு வழியில்லை. "அவியதான் சார்" என்று இரண்டு பேரும் ஒருமிக்கச் சொன்னார்கள். பிறகு வாத்தியார் குனிந்து, குரலைத் தாழ்த்தி அத்தையிடம் ஏதோ சொன்னார்.

"தெரியும் சார். குடுங்க" என்றாள் அத்தை.

சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் போனவள் வெகுநேரம் வரவில்லை. வரிசையில் முணுமுணுப்பு கிளம்பியது. அவள் மடித்துக் கொண்டுவந்த சீட்டைப் பெட்டியில் போடச் சொல்லவில்லை. வாத்தியாரே வாங்கி ஒரு கவரில் போட்டு வைத்தார். அத்தை கையெழுத்துப் போட்டாள், விரலில் மை வைத்துக்கொண்டாள், என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அன்று தெருப்பிள்ளைகளிடம் நான் அடித்த தம்பட்டம் கொஞ்சநஞ்சமல்ல. உங்கள் வீட்டு ஓட்டெல்லாம் பெட்டிக்குள் குவியலாகக் கிடக்கும், எங்கள் அத்தை ஓட்டுக்குத் தனிக் கவர்! எண்ணும்போது முதலில் அதைத்தான் பிரிப்பார்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன். ஆனால் அத்தையின் கட்சி தோற்றுவிட்டது. கவரைப் பிரிக்க மறந்திருப்பார்கள் என்று வீட்டில் வாதாடினேன். அத்தை என் தலையைக் கலைத்துவிட்டுச் சிரித்தாள்.

வெகுகாலம் கழித்து நானும் ஆசிரியையாகி, தேர்தல் வேலைக்கான பயிற்சி வகுப்புக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். டெண்டர் ஓட்டு என்ற வார்த்தை வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கேட்டால் கொடுத்துவிடுங்கள், ஆனால் அதை எண்ணுவதில்லை, கோர்ட் சொன்னாலொழிய கவரைப் பிரிப்பதே கிடையாது என்று சொல்லிவிட்டு அதிகாரி அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். எனக்கு அதற்குமேல் எதுவும் காதில் விழவில்லை.

வாத்தியார் அன்று குனிந்து சொன்னது இதைத்தான். எண்ண மாட்டார்கள் என்று தெரிந்துதான் அத்தை அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். வாங்கிக்கொண்டு போய், யாருக்குப் போடலாம் என்று அவ்வளவு நேரம் நின்று யோசித்துமிருக்கிறாள்.