குதிரை மறைத்த பாதி வாக்கியம்

சினிமா கிளப்பில் மைக்கைப் பிடித்தவர் அந்தப் படத்தில் உள்ள தப்புகளை அடுக்க ஆரம்பித்ததும் எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. இத்தாலிக்காரர்கள் எடுத்த கௌபாய் படம். அங்கே வருகிறவர்களுக்கெல்லாம் அது தலைகீழ்ப் பாடம்.

"ஹீரோவோட அழுக்குக் கோட்டு ஒரு சீன்ல மட்டும் பளிச்சுன்னு இருக்கே, கவனிச்சீங்களா?" என்றார். சிரித்தார்கள். "அதைவிடக் கூத்து, அந்த விதவை 'திருடன் கிணத்துப் பக்கம் போனான்'னு சொல்றா. குரல் ஒண்ணு சொல்லுது, வாய் வேற எதையோ சொல்லுது!"

மறுபடியும் சிரிப்பு. நான் எழுந்து மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். இரண்டுமே என் அம்மாவின் கைங்கரியம். முதலாவது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவதைத் தப்பு என்று இனி ஒருத்தர் சொல்லட்டும், பார்க்கலாம்.

அம்மா அப்போது தன் அண்ணனின் சலவைக் கடையில் இருந்தாள். ஊருக்கு வெளியே கல்குவாரியில் படக்காரர்கள் பலகையாலேயே ஒரு தெருவை எழுப்பியிருந்தார்கள். முன்னால் பார்த்தால் பாங்கு, ஜெயில், சாராயக் கடை. பின்னால் போனால் வெறும் முட்டுக்கழிகள். அவர்களுடைய துணி மூட்டை எங்கள் மாமா கடைக்கு வந்தது. அதில் கைதவறி ஹீரோவின் கோட்டும் வந்துவிட்டது. மண்ணையும் காப்பித்தூளையும் தேய்த்துத் தேய்த்து மேக்கப்காரர் பக்குவமாக அழுக்காக்கி வைத்திருந்த கோட்டு. கறையைக் கண்டால் அம்மாவுக்குக் கை சும்மா இருக்காது. ஊறவைத்து, பிரஷ் போட்டு, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டுக் கொண்டுபோய் நீட்டினாள்.

டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். வெயில் இறங்கிக்கொண்டிருந்ததால் அந்த வெளுத்த கோட்டோடேயே எடுத்துத் தொலைத்தார்கள். அம்மா அடங்குவாளா?

"வெளுக்கிறது என் வேலை. அழுக்கு வேணும்னா முன்னாடியே சொல்லித் தொலைக்கணும்!"

டைரக்டருக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் அந்த முகம் பிடித்துப்போயிற்று. விதவை வேஷத்துக்கு அவளையே போடச் சொன்னார். ஏணி மேல் நின்றிருந்த தச்சர் விழுந்து விழுந்து சிரித்ததில் சுத்தியல் கீழே விழுந்தது. அவர்தான் என் அப்பா.

சின்ன வயதில் காய்ச்சல் வந்து அப்பாவுக்குக் காது போய்விட்டது. உதட்டைப் பார்த்தே பேச்சைப் படித்துவிடுவார். அந்த யூனிட்டில் ஒருத்தர் பாஷை இன்னொருத்தருக்குப் புரியாது என்பதால் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. படத்தை ஊமையாகத்தான் எடுத்தார்கள். குரலெல்லாம் பிறகு வேறு ஆட்கள் கொடுப்பார்கள். வாய் அசைந்தால் போதும். வில்லன் ஒன்று இரண்டு எண்ணுவான். அவன் கையாள் பல்வலியில் டாக்டரைத் திட்டித் தீர்ப்பான். படத்தில் பார்த்தால் இருவரும் பாங்கைக் கொள்ளையடிக்கத் திட்டம் போடுகிறார்கள்!

கடைசி நாளைக்கு முந்தின நாள் அப்பா கடைக்கு வந்து, "என்னைக் கட்டிக்கிறியா?" என்று கேட்டார். தன் குரல் எவ்வளவு பெரியது என்று அவருக்குத் தெரியாது. தெருவே திரும்பிப் பார்த்தது. இஸ்திரிப் பெட்டியின் கீழ் யாருடைய சட்டையோ கருகியது. அண்ணன் பக்கத்திலேயே இருந்ததால் அம்மா குரலை விட்டுவிட்டு உதட்டை மட்டும் அசைத்தாள்.

"நாளைக்கு நடிக்கும்போது சொல்றேன். கேமரா பக்கத்துல நில்லு."

மறுநாள் முகத்துக்கு நேரே வெளிச்சம் பிடித்திருந்தார்கள். கேமரா பக்கம் நிழல் நிழலாக ஆட்கள். அவர்களில் ஒருவர் அவர்தான் என்று நம்பி அம்மா சொன்னாள்: "சரிய்யா, உன்னையே கட்டிக்கிறேன். ஆனா இந்த ஊரை விட்டு மட்டும் வரமாட்டேன்."

டைரக்டர் கைதட்டினார். அப்பா அங்கே இல்லை. காற்று அடித்து ஜெயில் சுவர் ஆட, அதைத் தோள்கொடுத்துப் பிடிக்கச் சொல்லிப் பின்னால் அனுப்பியிருந்தார்கள். எல்லாம் முடிந்து அவர் எதிரே வந்தபோது அம்மா நின்றாள். சொல்லியாயிற்று, இனி அவர் பேசட்டும் என்று அவள். சொல்வதாகச் சொன்னாளே, சொல்லட்டும் என்று அவர். இரண்டு பேருக்கும் முகம் தொங்கிவிட்டது. சாயங்காலமே அப்பாவையும் ஏற்றிக்கொண்டு லாரி கிளம்பிவிட்டது.

"ஒரு கடுதாசி போட்டிருந்தா என்னம்மா?" என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

"வாய்விட்டுச் சொன்னதுக்கே பதில் இல்ல. இதுல கடுதாசி ஒரு கேடா?"

அடுத்த வருஷம் படம் வந்தது. அம்மா தன் அண்ணியோடு போனாள். திரையில் அவள் வாய் திறந்தது. யாரோ ஒருத்தியின் குரல் திருடன் கிணற்றுப் பக்கம் போனான் என்றது. அம்மா தேம்பித் தேம்பி அழுதாள். தன்னைத் திரையில் பார்த்த சந்தோஷம் என்று நினைத்து அண்ணி முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

இன்னொரு ஊரில், தான் கட்டிய ஜெயிலைப் பார்க்க அப்பாவும் தியேட்டருக்குப் போனார். குரல் என்ன சொன்னால் அவருக்கென்ன? உதட்டைப் பார்த்தார். நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்! பின்னால் இருந்தவர்கள் கத்தியதுகூட அவருக்குக் கேட்கவில்லை. ஆனால் பாதி வாக்கியத்தில் ஒரு குதிரை குறுக்கே வந்து அவள் வாயை மறைத்துவிட்டது. அடுத்த காட்சிக்கும் டிக்கெட் எடுத்தார். குதிரை மறுபடியும் அதே இடத்தில்தான் குறுக்கே வந்தது.

நேரே பஸ் ஏறினார். கடை வாசலில் கருவிப் பெட்டியை இறக்கி வைத்தார். அம்மா இஸ்திரிப் பெட்டியைத் தூக்கியபடியே நின்றாள்.

"கட்டிக்கிறேன்னு சொன்னே, பாத்துட்டேன்," என்றார், தெருவே அதிர. "அப்புறம் 'ஆனா'ன்னு ஏதோ சொன்னே. ஒரு பாழாப்போன குதிரை குறுக்க வந்துடுச்சு. ஆனா என்ன?"

அம்மா இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தாள். அவர் படிக்க வசதியாக முகத்தை நேராக நிமிர்த்தினாள்.

"ஆனா ஒண்ணும் இல்ல. இரு, என் துணிமணிய எடுத்துட்டு வரேன், போகலாம்."