மண்மூட்டைக்குப் பதிலாக

போன வாரம் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு விற்பனையாளர் வந்திருந்தார். கறுப்பு ரப்பரில் குட்டிப் பானை மாதிரி இரண்டு காற்றுப்பைகளை மேஜைமேல் வைத்தார். பிக்கப் வண்டிக்கு மாட்டுகிற சாமானாம். "பின்னாடி ஒரு ஸ்பிரிங் பிளேட்டக் கழட்டிட்டு இத மாட்டிருங்க. பாரம் ஏத்தினா காத்த அடிச்சுக்கலாம், எறக்கினா வெளிய விட்டுக்கலாம். காலியா போனாலும் கார் மாதிரி போகும் லா," என்றார். எல்லோரும் ஆளுக்கொரு தடவை அமுக்கிப் பார்த்தார்கள். நானும் அமுக்கினேன். புது ரப்பர் வாசனை கையில் ஒட்டிக்கொண்டது. சோப்புப் போட்டும் போகவில்லை. 

உங்களிடம் இதை எப்போதாவது சொல்லியிருக்கிறேனா? சொல்லியிருக்க மாட்டேன். கொஞ்சம் அசிங்கமான கதை. கேட்டால் முதலில் சிரிப்பு வரும், அதுதான் சங்கடம்.

நான் சிங்கப்பூர் வந்த புதிது. லிட்டில் இந்தியாவில், ரோவல் ரோட்டுப் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் எங்களை அடைத்து வைத்திருந்தார்கள். அடைத்து என்றால், கட்டிலுக்கு மேல் கட்டில். கீழே பூக்கடை, மேலே எங்கள் வேலைச் சப்பாத்துகள். மல்லிகையும் சப்பாத்தும் சேர்ந்தால் ஒரு மணம் வரும் பாருங்கள், அதற்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை. வேலை செங்காங்கில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில். என்னோடு கம்பி கட்டியவர் துரை அண்ணன். மன்னார்குடிப் பக்கத்து ஆள். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். சாப்பாட்டுப் பொட்டலம் ஒன்று அவருக்குப் பத்தாது. நான் பாதி கொடுப்பேன். பெரிய மனசு என்று நினைத்துவிடாதீர்கள், அந்தச் சாம்பாரை என்னால் முழுசாகச் சாப்பிட முடியாது.

எங்கள் முதலாளி இங்கேயே பிறந்து வளர்ந்தவர். வீடு ஊரின் இன்னொரு கோடியில், சுவா சூ காங்கில். அவரிடம் இருந்தது ஒரே ஒரு பெரிய பிக்கப். சிமெண்டும் கம்பியும் ஏற்றுகிற வண்டி, பின்பக்கம் தகரக் கூரை போட்டது. பாரத்தோடு போனால் அப்படி ஒரு அழகு, அசையாமல் போகும். காலியாகப் போனால் சின்னப் பள்ளத்துக்கெல்லாம் எகிறும். டன் கணக்கில் தாங்குவதற்காகச் செய்த ஸ்பிரிங், காலி வண்டிக்கு எப்படி வளைந்து கொடுக்கும்?

அந்த நேரம் பார்த்து அவர் மனைவிக்கு முதுகில் ஆபரேஷன் நடந்தது. நாங்கள் மேடம் என்போம். ஆபரேஷனுக்குப் பிறகு கேலாங்கில் ஒரு பிசியோ கிளினிக்குக்கு வாரத்தில் சில நாள் சாயங்காலம் போகவேண்டும். டாக்ஸியில் போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். "வீட்டுல வண்டி நிக்கும்போது டாக்ஸி எதுக்கு?" என்று முதலாளி சொல்வார். முதல் நாள் போய் வந்ததும் மேடம் படுக்கையிலிருந்து எழுந்திருக்கவில்லையாம்.

முதலாளி சும்மா இருக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். டயரில் காற்றைக் குறைத்தார். சாமான் ஏற்றிய அன்றைக்கே ஒரு டயர் கிழிந்தது. இருக்கையில் மெத்தை போட்டார். மேடத்தின் தலை கூரையில் இடித்தது. பட்டறைக்காரரிடம் கொண்டுபோனார். அவர் வண்டிக்கு அடியிலிருந்தே பதில் சொன்னார்: "கம்பி ஏத்தணும்னா பிளேட் வேணும். மேடம் ஏறணும்னா பிளேட்டக் கழட்டணும். ரெண்டும் வேணும்னா ரெண்டு வண்டி வாங்குங்க லா." கடைசியில் மண்மூட்டை. பின்பக்கம் வரிசையாக அடுக்கியதும் வண்டி அடங்கிப்போனது. ஆனால் ஒவ்வொரு தடவையும் சாயங்காலம் ஏற்றி, காலையில் இறக்கவேண்டும். மழையில் நனைந்து மூட்டை பிய்ந்து, அவர் குடியிருந்த புளோக்கின் கார் பார்க் முழுக்க மண். அக்கம்பக்கத்தில் சண்டை.

அப்புறம் ஒரு மழை நாளில், நாங்கள் நனைகிறோமே என்று எங்கள் நாலைந்து பேரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மேடத்தை அழைக்கப் போனார். அது உண்மையான இரக்கம்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். அன்றைக்கு மேடம், "என்னங்க, இன்னிக்கு வண்டி மெத்த மாதிரி போகுதே!" என்றார். பின்னால் இருந்த எங்களுக்கே கேட்டது.

மறுநாள் வேலை முடிந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தோம். முதலாளி வந்து எங்களை மேலும் கீழும் பார்த்தார். "மூட்டைய ஏத்தி எறக்க ஆளு வேணும். ஆளே ஏறிட்டா அந்த வேல மிச்சம்," என்று சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். முதலாளி சிரித்தால் சிரிக்கவேண்டும், அது வேலையில் சேர்த்தி.

"துரை, நீ ஏறு. நீ ரெண்டு மூட்ட. நீயும் ஏறு. டேய், நீ எதுக்குடா ஏறுற? நீ ஏறினா வண்டிக்கே தெரியாது."

கடைசியாகச் சொன்னது என்னை. நம்பமாட்டீர்கள், தப்பித்தோம் என்ற நினைப்போடு கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது. மூட்டை வேலைக்குக்கூட லாயக்கில்லாத உடம்பு! ஆனால் சீக்கிரமே ஒரு குண்டு ஆள் ஊருக்குப் போய்விட, எனக்கும் பதவி கிடைத்தது.

செங்காங்கிலிருந்து சுவா சூ காங். அங்கே மேடத்தை ஏற்றிக்கொண்டு கேலாங். அவர் உள்ளே போய் வரும்வரை கார் பார்க்கில் காத்திருப்பு. கேலாங்கிலிருந்து எங்கள் அறைக்குப் பேருந்தில் கொஞ்ச தூரம்தான். "பாஸ், நாங்க இங்கயே எறங்கிக்கிறோமே," என்று ஒருநாள் துரை அண்ணன் கேட்டார். "அப்ப திரும்பிப் போறப்ப வெயிட்டுக்கு யாரு இருப்பா?" என்றார் முதலாளி. மறுபடி சுவா சூ காங். மேடத்தை இறக்கிவிட்டு, "எம்ஆர்டி பக்கத்துலதான் லா," என்று எங்களையும் இறக்கிவிடுவார். சிமெண்டுச் சட்டையோடு ரயிலில் ஏறினால் இருக்கையில் உட்கார மனசு வராது. அறைக்குப் போனால் சாப்பாட்டுப் பொட்டலம் புளித்திருக்கும்.

மேடம் கெட்டவர் இல்லை. ஆரம்பத்தில் எங்களுக்குக் கறிபாப், நம்மூர் பப்ஸ் மாதிரி, வாங்கிக் கொடுப்பார். ஒருநாள் முதலாளி காப்பி குடிக்கப் போனபோது, மெதுவாக நடந்து பின்பக்கம் வந்தார். "நீங்கள்லாம் சுவா சூ காங் பக்கம்தானா? நல்லதாப் போச்சு, நமக்கும் துணை," என்றார்.

"இல்ல மேடம், லிட்டில் இந்தியா," என்றேன்.

"அப்புறம் ஏன் ஒவ்வொரு தடவையும் அவ்ளோ தூரம் வர்றீங்க?"

துரை அண்ணன் என் தொடையைக் கிள்ளினார். நான் நிறுத்தவில்லை. "வண்டி ஆடாம இருக்கத்தான் மேடம். உங்களுக்காக."

அவர் முகம் சுருங்கியது. திரும்பி மெதுவாக நடந்து முன்பக்கம் போய்விட்டார். இனி இந்தச் சவாரி இல்லை என்று நான் அறை முழுக்கச் சொல்லிவிட்டேன். என்னால்தான் விடுதலை என்று பெருமை வேறு.

அடுத்த முறையும் முதலாளி கூப்பிட்டார். ஏறினோம். சுவா சூ காங்கில் மேடம் ஏறினார், எங்கள் பக்கம் திரும்பவில்லை. வண்டி விரைவுச்சாலைக்கு வந்ததும் முன்னறையின் பின் கண்ணாடி திறந்திருந்த இடைவெளியில் அவர் குரல் கேட்டது. "அந்தப் பெரிய ஆள நடுவுல உக்காரச் சொல்லுங்க. ஒரு பக்கமா இழுக்குது."

துரை அண்ணன் எழுந்து நடுவில் போய் உட்கார்ந்தார். அன்றோடு கறிபாப்பும் நின்றது.

சில நாளில் அதுவும் போதவில்லை. "இன்னும் பின்னாடி, இன்னும் பின்னாடி," என்று முதலாளி துரை அண்ணனைக் கடைசிக்கே தள்ளினார். அங்கே பலகையில்லை, வெறும் இரும்புத் தளம். முன்னால் இருக்கிறவருக்கு மெத்தை என்றால் கடைசியில் இருக்கிறவருக்கு உரல். ஒரு சாயங்காலம் நேரமாகிவிட்டது என்று முதலாளி வேகமாக ஓட்டினார். கேலாங்கில் ஒரு வேகத்தடை. துரை அண்ணன் மேலே எழும்பியதைப் பார்த்தேன். தளத்தில் கிடந்த ஜாக்கியின் மேல் இடுப்பு பட விழுந்தார். சத்தம் வரவில்லை, வாய் மட்டும் திறந்திருந்தது.

நாங்கள் கண்ணாடியில் தட்டினோம். வண்டி நின்றது. முதலாளி வந்து பார்த்தார். "கொஞ்சம் சுளுக்கு. அப்படியே படுத்திருக்கட்டும். படுத்திருந்தாலும் வெயிட் அதே வெயிட்தானே," என்றார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மேடம் முன்னால் கைப்பையை மடியில் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளினிக்குக்குப் போய், காத்திருந்து, சுவா சூ காங் வரை துரை அண்ணனைப் படுக்கவைத்தே கொண்டுபோய்த் திரும்பினோம். ரயிலில் எங்கள் தோளில் தொங்கிக்கொண்டு வந்தார்.

காலையில் அவரால் கட்டிலிலிருந்து கால் தூக்க முடியவில்லை. ஆனாலும் வேலைக்கு வரவில்லையென்றால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று, தன்னைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். வேலையிடத்தில் அவரைப் பார்த்ததும்தான் முதலாளி பயந்தார். முன் இருக்கையில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். அன்று கான்கிரீட் போடுகிற நாள். நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். இன்னும் இரண்டு பேர் ஏறினார்கள். யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

முதலாளி இறங்கி வந்தார். "எதுக்கு ஏறுறீங்க?"

"வண்டி ஆடும் பாஸ். அண்ணனால தாங்க முடியாது."

"கான்கிரீட் லாரி வந்து நிக்குது. உங்க அப்பனா வந்து போடுவான்? எறங்குங்க."

இறங்கினோம். வேலையிடத்து வாசலில் வெட்டிப்போட்ட மண்ணும் கல்லுமாக இருக்கும். காலி வண்டி அதில் ஏறி இறங்கியது. முதல் எகிறலில் அவர் அலறியது எங்களுக்குக் கேட்டது. அந்தப் பெரிய குரலை அவர் அதுவரை அப்படி வெளியே விட்டதில்லை. சாலைக்குப் போய்ச் சேரும்வரை கேட்டுக்கொண்டே இருந்தது. நாங்கள் கான்கிரீட்டை வாரி இழுத்துக்கொண்டிருந்தோம்.

முதுகெலும்பில் விரிசல் என்றார்கள். வேலையிடத்தில் வழுக்கி விழுந்ததாக முதலாளி சொன்னார். துரை அண்ணனும் ஆமாம் என்று தலையாட்டினார். இடுப்புப் பட்டையோடு ஊருக்குப் போனார். அவரை விமானமேற்றிய அன்று சாயங்காலமும் கிளினிக் இருந்தது. "துரை எடத்துக்கு ரெண்டு பேரு ஏறுங்க லா," என்றார் முதலாளி. ஏறினோம். நானும்தான்.

ஊரிலிருந்து ஒரே ஒரு முறை பேசினார். மழை உண்டா, கட்டடம் எத்தனை மாடி வந்திருக்கிறது என்றெல்லாம் கேட்டுவிட்டு, "மேடத்துக்கு முதுகு எப்டி இருக்கு?" என்றார்.

"நல்லா நடக்குறாங்கண்ணே. இப்ப கிளினிக் போறதில்ல."

"அப்ப சரி," என்று சிரித்தார். அடிவயிற்றிலிருந்து வருகிற பழைய சிரிப்பு இல்லை. வலிக்குமென்று பாதியில் நிறுத்திக்கொண்ட சிரிப்பு. அது கேலியா, நிஜமான விசாரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. அடுத்த முறை கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த எண் பிறகு கிடைக்கவில்லை. கடைவீட்டு மாடி இப்போது சின்ன ஹோட்டல், ஜன்னலில் வெள்ளைத் திரை. பூக்கடையும் இல்லை. முதலாளி கம்பெனியை விற்றுவிட்டார் என்று கேள்வி. வண்டியில் என்னோடு உட்கார்ந்தவர்களில் ஒருவர்கூட இந்த ஊரில் இல்லை. செங்காங்கில் கட்டடம் மட்டும் நிற்கிறது, எல்லா மாடியிலும் துணி காய்கிறது. துரை அண்ணன் கட்டிய கம்பியெல்லாம் அதற்குள்ளே எங்கோ இருக்கும். கான்கிரீட் போட்ட பிறகு அதை யாரும் பார்க்க முடியாது.