ஊத்தை கேட்டுப் போன நாள்

கலியாண வீடுகளில் பந்தி முடிந்து எல்லோரும் கை கழுவப் போகும்போது, அத்தான் மட்டும் மேசைகளுக்கு அடியில் குனிந்து சோடாப் போத்தல்களின் பிளாஸ்ரிக் மூடிகளைப் பொறுக்குவார். வேட்டி மடி நிறைந்துவிடும். எனக்கு வெட்கமாக இருக்கும். வாசலுக்குப் போய் யாரையோ எதிர்பார்ப்பவன்போல நிற்பேன். அவருக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. "தம்பி, மீன் தொட்டித் தண்ணி வடிக்கக் கடையில விக்கிற சாமான் செய்யிற வேலையைத்தான் உதுவும் செய்யும்" என்பார்.

நல்லூரில் அக்கா வீட்டு முற்றத்தில் ஒரு சீமெந்துத் தொட்டி. அதில் அத்தானின் தங்கமீன்கள். பக்கத்தில் ஒரு பழைய பெயின்ற் வாளி. மூடிகளில் சூடு காட்டிய கம்பியால் துளையிட்டு, வெங்காயம் கட்டி வரும் வலைப்பைகளில் நிரப்பி, உடைந்த ஓட்டுத் துண்டுகளோடு அதற்குள் அடுக்கியிருந்தார். ஒரு சின்ன மோட்டர் தொட்டித் தண்ணீரை வாளிக்குள் ஏற்றும். அது எல்லாவற்றுக்கும் ஊடாக வடிந்து, தெளிந்து, திரும்பவும் தொட்டியில் விழும். நாளாக நாளாக மூடிகளில் மண்ணிறமாக ஒரு வழுவழுப்புப் படிந்தது. மீன் கழிவின் நஞ்சைத் தின்று தீர்ப்பது அதற்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்தான் என்று அத்தான் பலமுறை சொல்லியிருக்கிறார். அக்காவின் காதில் அது ஏறவில்லை. "உது மீன் தொட்டியோ, வெங்காயக் கடையோ?" என்பாள்.

ஒரு தைப்பொங்கலுக்கு முன் அக்கா வீடு கழுவினாள். பொங்கலுக்குக் கழுவாத சாமான் ஒன்றும் வீட்டில் இருக்கக்கூடாது அவளுக்கு. அத்தான் சந்தைக்குப் போயிருந்த நேரம் வாளியைக் கவிழ்த்து, சுடுதண்ணீரும் சவர்க்காரத் தூளும் போட்டு மூடிகளை உரஞ்சி, வெயிலில் காயவைத்து, திரும்ப அடுக்கியும் வைத்துவிட்டாள். மூடிகள் மின்னின. அத்தான் வந்து பார்த்தார். அப்படியே வாளிக்குப் பக்கத்தில் குந்திவிட்டார்.

இரண்டாம் நாள் தண்ணீர் பால்போலக் கலங்கியது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அத்தான் கிணற்றுத் தண்ணீரை அள்ளி அள்ளி மாற்றிக்கொண்டிருந்தார். அக்கா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள்.

"செத்துப்போச்செண்டால் நான் அந்த மனுசன்ரை முகத்தில என்னண்டடா முழிக்கிறது?"

கொழும்புத்துறையில் மீன் வளர்க்கும் ஒருவரிடம் அதே வழுவழுப்பு ஊத்தை பிடித்த வலைப்பை ஒன்று வாங்கி வந்தால் மீன்கள் தப்பும் என்று அத்தான் சொன்னார். சைக்கிளை எடுத்தேன். முன்பின் தெரியாதவரின் படலையில் நின்று ஊத்தை கேட்க எனக்கு வாய் வரவில்லை. எப்படியோ சொல்லி முடித்தேன். வலை திருத்திக்கொண்டிருந்த அந்த மனிதர் பெரிதாகச் சிரித்தார்.

"பொங்கலுக்கு நல்லூராக்கள் எங்கடை ஊத்தையைத் தேடி வாறியளோ! எவ்வளவு வேணும்?"

"ஒரு பை காணும் அண்ணை."

"ரெண்டாக் கொண்டு போ. வழியில காயவிடாதை."

ஒரு மீன் போய்விட்டது. மற்றவை பொங்கலன்று கீழே இறங்கி நீந்தின. அன்றுதான் அக்கா அத்தானை நிமிர்ந்து பார்த்துக் கதைத்தாள்.

இப்போது அத்தான் இல்லை. பட்டணத்துக் கடைகளில் தண்ணீர் வடிக்கும் சாமான்கள் பெட்டி பெட்டியாக வந்துவிட்டன. முற்றத்துத் தொட்டிக்கு இன்னும் அத்தானின் வாளிதான். இந்தத் தைக்கும் அக்கா வீடு முழுக்கக் கழுவினாள். வாளியின் வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்து, பொங்கல் பானைக்குப் பூசியதுபோல அதற்கும் மூன்று குறி திருநீறு பூசியிருந்தாள். உள்ளே எட்டிப் பார்க்கலாம் என்று ஒரு பையைத் தூக்கினேன்.

"எடடா கையை!" என்றாள். "உள்ளுக்கை ஆக்கள் இருக்கினம்."