அம்மாவின் கால்களை விற்றவன்

கால் வீக்கம் உள்ளவர்களுக்கென்றே அவள் செருப்புத் தைத்தாள். வாடகை வீட்டின் பின்னறையில் ஒரு தையல் மிஷின், தோல் சுருள்கள், பசை டப்பா, பாத அளவு வரைந்த அட்டைகள். எந்தக் கடைச் செருப்பும் ஏறாமல், கடைசிக் காலத்தில் அம்மா காலில் துணியைச் சுற்றிக்கொண்டு நடந்ததைப் பார்த்த பிறகு கற்றுக்கொண்ட தொழில்.

இணையத்தில் விற்கலாம் என்று சொன்னவன் கொழுந்தன். "நீங்க தைங்க அண்ணி, அது போதும். பேஜ், வீடியோ எல்லாம் என் தலைவலி." அவளுக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. ஆர்டர்களும் வந்தன.

ஒரு மதியம் நர்ஸ் ஒருத்தி விலாசம் விசாரித்துக்கொண்டு வந்தாள். "முதலாளி இல்லையா? நீங்க இங்க வேலை பாக்கறீங்களா?"

"எந்த முதலாளி?"

நர்ஸ் போனை நீட்டினாள். திரையில் கொழுந்தன். அவளுடைய ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, அவளுடைய மிஷின் முன்னால் உட்கார்ந்து, "எங்கம்மா கால்ல துணியைச் சுத்திட்டு நடந்தாங்க. அன்னிக்கு முடிவு பண்ணேன்" என்று தழுதழுத்தான். அவனைப் பெற்றவளோ முன்னறையில் வீக்கமே இல்லாத கால்களை நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு உச்சந்தலை கொதித்தது. தையலைத் தன்னுடையது என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். செத்துப்போனவள் பட்ட வலியை எடுத்து விளம்பரப் பலகையாக மாட்டிவிட்டானே.

சாயங்காலம் அவன் வந்ததும் நிற்க வைத்துக் கேட்டாள்.

"இதுக்குப் பேர் பர்சனல் பிராண்டிங், அண்ணி. ஜனங்க முகத்தையும் கதையையும் பாத்துதான் வாங்கறாங்க."

"முகம் உன்னுது. கதை யாருது?"

கணவன் குறுக்கே வந்தான். "விடேன். நம்ம வீட்டுப் பிள்ளைதானே."

"அப்ப உங்கம்மாகிட்டயே போய், அவங்க கால் வீங்கியிருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

கணவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினான்.

பேஜின் பாஸ்வேர்டைக் கேட்டாள், கொழுந்தன் தரவில்லை. அவனுக்குச் செருப்புத் தருவதை அவளும் நிறுத்தினாள். புதிதாக ஒரு பேஜ் தொடங்கி, பசை டப்பாமேல் போனைச் சாய்த்து, தன் வாயாலேயே பேசினாள். முதல் வீடியோவில், தான் தப்பாக வெட்டிய ஒரு செருப்பைக் காட்டி, அது ஏன் காலை அறுக்கும் என்று விளக்கினாள். நர்ஸ் அதைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினாள். கேள்வி கேட்டவர்களுக்கு அவளே பதில் எழுதினாள். புண்ணோடு வந்தவரிடம், "முதல்ல டாக்டரைப் பாருங்க, செருப்பு அப்புறம்" என்றாள். அந்தப் பேச்சுக்காகவே ஆட்கள் சேர்ந்தார்கள். செருப்புக்கார அக்கா என்றால் இப்போது பலருக்குத் தெரிகிறது.

விற்கச் சரக்கில்லாத கொழுந்தன், பிராண்டு வளர்ப்பது எப்படி என்று ஆன்லைனில் வகுப்பு எடுக்கிறான். முதல் பாடமே அந்தக் கால் கதைதான். போன வாரம், வகுப்புக்குச் சிறப்பு விருந்தினராக வர முடியுமா என்று அவளுக்கே செய்தி அனுப்பியிருந்தான்.

"அது எங்கம்மான்னு முதல்ல உன் வகுப்புல இருக்கறவங்ககிட்ட சொல்லு. அப்புறம் வரேன்" என்று எழுதினாள்.

படித்துவிட்டான். அடுத்த வகுப்பையும் அதே கதையோடுதான் தொடங்கினான். அவள் கோபமும் ஆறவில்லை.