கழிப்பறை அட்டையும் காவல் தாத்தாவும்

கம்போடியாவின் தலைநகர் புனோம்பென்னுக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டிய தையல் ஆலையில் ஏழாம் வரிசைக்குத் தலைவி செண்டா. பதினெட்டு வயதில் காலர் தைக்க வந்தவள். கை வேகத்தைப் பார்த்துத் தலைவியாக்கினார்கள். நன்றாகத் தைப்பவளைத் தைக்கவிடாமல் மற்றவர்களை விரட்டச் சொல்வதுதான் ஆலைக்காரர்களின் புத்திசாலித்தனம்.

வரிசைக்கு ஒரே ஒரு கழிப்பறை அட்டை. அது தலைவியின் கழுத்தில் தொங்கும். அதை வாங்கி மாட்டிக்கொண்டுதான் யாரும் எழுந்து போக வேண்டும். போனவள் திரும்பும்வரை மற்றவர்கள் அடக்கிக்கொள்ள வேண்டும். ஒரு இயந்திரம் சும்மா நின்றாலும் நாளுக்கு இத்தனை உருப்படி என்ற கணக்கில் குறையும். குறைந்தால் மேற்பார்வையாளர் சாரோன், செண்டாவை எல்லோர் முன்னாலும் நிறுத்தி வாய்க்கு வந்தபடி திட்டுவார். அதனால் அட்டையைக் கழற்ற அவளுக்குக் கை வராமல் போனது. வாடகை அறைக்குப் போனாலும் தூக்கமில்லை. கூட இருப்பவள் தட்டைக் கீழே வைத்தாலே எரிந்து விழுந்தாள்.

தாவி ஆறு மாதக் கர்ப்பிணி. தண்ணீர் குடித்தால் எழ வேண்டிவரும் என்று வாயைக்கூட நனைப்பதில்லை. அப்படியும் வயிற்றுப் பாரம் விடவில்லை.

“அக்கா, அட்டை குடுங்கக்கா. முடியல.”

“இப்பதானடி போன? வயித்துல இருக்கறது புள்ளையா, வாய்க்காலா? இந்தத் துணிக்கட்ட முடிச்சுட்டுப் போ.”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தாவியும் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் இயந்திரத்தின் மேலேயே சரிந்தாள். அவளைப் பார்த்துப் பின்னால் இருந்தவள், அவளைப் பார்த்து அடுத்தவள் என்று பாதி வரிசை மயங்கி விழுந்தது.

இப்படி விழுந்தால், நிலத்தைக் காக்கும் ஆவியான தாத்தாவுக்குக் கோபம் என்போம் எங்கள் ஊரில். மறுநாள் காலை சாரோன் பன்றித்தலையும் வாழைப்பழமும் ஊதுபத்தியுமாக வாசலில் இருக்கும் தாத்தாவின் மாடத்தின் முன் மண்டியிட்டார். தாத்தா யார் மேலாவது இறங்கி, வேண்டியதைக் கேட்பார். போன வருடம் பொத்தான் பிரிவில் ஒருத்தி மேல் இறங்கி மின்விசிறி கேட்டார், வந்தது. அதையே அவள் தன் வாயால் கேட்டிருந்தால் வேலை போயிருக்கும்.

அன்று யார் மேலும் இறங்கவில்லை. தாவி வெளுத்த முகத்தோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

“தாத்தா சமாதானமாயிட்டாரு. எல்லாரும் வேலையப் பாருங்க” என்று சாரோன் எழப் போனார்.

மறுபடி அதே அட்டை, அதே கணக்கு. தாவி மறுபடி விழுவாள், பிள்ளைக்கு ஏதாவது ஆகும், அது தன் கையால்தான் ஆகும் என்பது செண்டாவுக்குத் தெரிந்தது. பயத்தில் அவள் உடம்பு ஆடியது. அந்த ஆட்டத்தை அவள் அடக்கவில்லை, கூட்டினாள். நடிக்கத்தான் ஆரம்பித்தாள். நடிப்பு எங்கே முடிந்தது என்று பிறகு அவளாலேயே சொல்ல முடியவில்லை.

“டேய் சாரோன்! உக்காருடா!”

சாரோன் பொத்தென்று உட்கார்ந்தார். “சொல்லுங்க தாத்தா.”

“என் எடத்துல பொம்பளைங்கள மூத்திரம் போகவிடாம வச்சிருக்கியே, வெக்கமா இல்ல?”

“தப்புதான் தாத்தா. யாரு தடுத்தான்னு சொல்லுங்க. இப்பவே சீட்டக் கிழிச்சிடறேன்.”

தடுத்தது யாரென்று ஏழாம் வரிசைக்கே தெரியும். செண்டா தன் பெயரைச் சொன்னால் நாளைக்கு அட்டை இன்னொருத்தி கழுத்துக்குப் போகும், அவ்வளவுதான். கழுத்து அட்டையைக் கழற்றி அவர் முன்னால் வீசினாள்.

“இதுதான்டா தடுத்துச்சு! எல்லா வரிசையிலயும் இருக்கறதக் கொண்டாந்து கொளுத்து. நான் பார்க்கணும்.”

கொளுத்தினார்கள். பிளாஸ்டிக் நாற்றம் மதியம்வரை போகவில்லை.

ஆனால் நாளுக்கு இத்தனை என்ற கணக்கை மட்டும் குறைக்கவில்லை. தாத்தா அதைக் கேட்கவில்லையே என்றார் சாரோன். அடுத்த நாள் அட்டை இல்லாமலேயே எல்லோரும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தாவி தையலை நிறுத்திச் செண்டாவைப் பார்த்தாள்.

“போடி.”

“கட்டு முடியலக்கா...”

“பெரிய மகாராணி, கெஞ்சணுமா? போன்னா போ.”

தாவி எழுந்தாள். செண்டா அவள் இடத்தில் உட்கார்ந்து, அவள் விட்ட தையலைத் தொடர்ந்தாள்.

சாரோன் வந்து நின்றார். “என்னம்மா இது? வரிசை மந்தமா ஓடுது, நீ இங்க உக்காந்திருக்க. எந்திரிச்சு சத்தம் போடு.”

செண்டா தலை நிமிரவில்லை. “தொண்டை கட்டிப்போச்சு சார். தாத்தா அந்தக் கத்து கத்திட்டுப் போனாருல்ல. இனிமே எனக்குக் கத்த வராது.”

சாரோன் அவளைப் பார்த்தார், வாசலில் இருந்த தாத்தாவின் மாடத்தைப் பார்த்தார், எட்டாம் வரிசைக்கு நகர்ந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் இன்னொருத்தி எழுந்தாள்.