பள்ளிக்கரணையில் நான் எடுத்த பருந்து

1. ஆர்டர்

எழுபதுகளின் தொடக்கத்தில் தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து ஸ்டுடியோ ஒன்றில் கேமராமேனாக இருந்தேன். பாஸ்போர்ட் சைஸ், கல்யாணம், காதுகுத்து. அசையாமல் நிற்பவர்களை எடுத்துத்தான் பழக்கம்.

கல்லூரியில் விலங்கியல் நடத்தும் எஸ்தர் மிஸ் ஒருநாள் கடைக்கு வந்தார். "பள்ளிக்கரணை சதுப்புக்குக் குளிர்காலத்துல பூனைப்பருந்து வருது. அது பறக்கும்போது ஒரு ஃபோட்டோ வேணும். எங்க காலேஜ் எக்ஸிபிஷனுக்கு, அந்த நிலத்தை என்ன பண்றதுன்னு முடிவு பண்ற ஆபீசரைக் கூப்பிட்டிருக்கோம். அந்த இடம் வெறும் தரிசுன்னு நெனைக்கிறார். இல்லைன்னு காட்டணும்."

முதலாளி துரை அண்ணன் என்னைக் கேட்கவே இல்லை. "ஓடுற ரயிலையே புடிப்பான் மிஸ் இவன். பருந்து இன்னா பெரிய விஷயம்!" என்றார்.

கோரைக்கு மேலே தாழ்வாகப் பறக்கும், இறக்கைகளைச் சற்றுத் தூக்கிப் பிடித்திருக்கும் என்று மிஸ் அடையாளம் சொன்னார். தலையாட்டினேன். என் நினைப்பெல்லாம் மவுண்ட் ரோட்டில் இரவல் வாங்கவேண்டிய, தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் டெலி லென்ஸ் மேல்.

2. சதுப்பில்

முழங்கால் வரை சேறு. பறப்பது கலங்காமல் விழ ஷட்டர் வேகத்தை ஐந்நூறில் வைத்திருந்தேன். ஃபோகஸ் ரிங்கைத் திருப்புவதற்குள் பறவை ஃபிரேமை விட்டுப் போய்விடும். ரோல் தீரப்போகும் நேரத்தில் ஒரு பருந்து தலைக்கு மேல் வட்டமிட்டது. கேமராவை அதோடு கூடவே திருப்பிக்கொண்டு அழுத்தினேன்.

பிரின்ட் போட்டபோது டார்க் ரூமிலேயே கத்திவிட்டேன். அப்படி ஒரு ஷார்ப். துரை அண்ணன் அதைப் பெரிதாக்கி ஃபிரேம் போட்டார். எக்ஸிபிஷன் அன்று காலையில்தான் வேலை முடிந்தது. நேராக ஹாலில் கொண்டுபோய் மாட்டினோம். மிஸ் அப்போது ஆபீசரை அழைத்துவர வாசலுக்குப் போயிருந்தார்.

3. ஹாலில்

தூர தேசத்திலிருந்து வரும் பறவையைப் பற்றிப் பேசிக்கொண்டே மிஸ் அவரை என் படத்துக்கு முன்னால் கூட்டிவந்தார். படத்தைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது.

ஆபீசர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "மேடம், இது சாதாரண பருந்தாச்சே. வால் பொளந்திருக்கு பாருங்க. எங்க தெரு கறிக்கடை மேல தினமும் இதுதான் சுத்துது. இதுக்கா ஒரு சதுப்பை விட்டுவைக்கணும்?"

ஹாலே சிரித்தது. மிஸ்ஸின் மாணவிகளும் சிரித்தார்கள். துரை அண்ணன் மெல்ல வெளியே நழுவினார்.

"ஃபோட்டோகிராஃபர் மேல தப்பில்லை சார். நான்தான் சரியா சொல்லலை," என்றார் மிஸ்.

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "மிஸ் சொன்னாங்க சார். நான்தான் காதுல வாங்கலை," என்று சத்தமாகவே சொன்னேன். அதற்குள் ஆபீசர் டீ இருக்கும் மேசைப் பக்கம் திரும்பிவிட்டார். யாரும் அவரிடம் அப்புறம் சதுப்பைப் பற்றிப் பேசவில்லை. என் படம் மட்டும் சாயங்காலம் வரை சுவரில் தொங்கியது. கழற்றிக்கொண்டு போகவும் எனக்குக் கால் எழவில்லை.

4. அடுத்த குளிர்காலம்

லீவு நாட்களில் சதுப்புக்குப் போனேன். முதலில் கேமரா இல்லாமல். கோரையை உரசுகிற மாதிரி வந்து, சட்டென்று உள்ளே விழுந்து, எலியோடு எழும்பும் அந்தப் பூனைப்பருந்தைப் பார்த்துப் பழகிய பிறகுதான் லென்ஸை மாட்டினேன். கிடைத்த படத்தில் ஒரு இறக்கை கலங்கியிருந்தது. ஆனால் பறவை அதுதான்.

கொண்டுபோய்க் கொடுத்ததும் மிஸ் அதை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். "ரொம்ப நல்லா இருக்கு," என்றார்.

"அந்த ஆபீசருக்கு அனுப்பலாமா மிஸ்?"

"அவர் மாற்றலாகிப் போயிட்டார்."

மிஸ்ஸின் முகத்தைப் பார்க்க முடியாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்று என்னிடம் தொழில் கற்க வருகிறவர்கள் முதலில் லென்ஸைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எதை எடுக்கப் போகிறாய், அதை நீ பார்த்திருக்கிறாயா என்று நான் கேட்பேன். இல்லை என்றால், கேமராவை இங்கேயே வைத்துவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வா என்பேன்.